திரும்பிப் பார்க்காத பக்தவத்சலம்

பக்தவத்சலம் கதவைத் திறந்தால் உடனே மூடமாட்டார். உள்ளே ஓரடி வைப்பார், ஒதுங்குவார், முதுகை வாசலுக்குக் காட்டியபடி ஒரு கையைப் பின்னால் நீட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இன்னொரு ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகுதான் மூடுவார். தன் வீடானாலும் அப்படித்தான், ரேஷன் கடையானாலும் அப்படித்தான், ஊசி போட்டுக்கொள்ளப் போன ஆஸ்பத்திரி அறையானாலும் அப்படித்தான். கொசு வருகிறதே என்று யாராவது முணுமுணுத்தால், "வரட்டும், வரட்டும், இன்னா அவசரம்" என்பார். அவர் கொசுவைச் சொல்லவில்லை என்று எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் தெரியும்.

கல்பாக்கத்துக்குப் பக்கத்து அணுபுரம் டவுன்ஷிப்பில் எங்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடி அவர் வீடு. ஐம்பது வயதுக்குச் சற்று மேல். ஆள் ஒல்லி, கை மட்டும் பெரியது. பெரிய பெரிய இரும்புச் சாமான்களைக் கயிறும் சங்கிலியும் போட்டுக் கட்டி, கிரேன்காரருக்குச் சாடை காட்டித் தூக்க வைக்கிற வேலை. மிஷின் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. அதனால் அந்த வேலைக்காரர்கள் கையாலும் கயிற்றாலும் பேசப் பழகியவர்கள். பிறந்தது படூர். இப்போது அங்கே அடுக்குமாடி எழும்புகிறது. தான் பிறந்த காலத்தைப் பற்றி, "ஒசரம்னா எங்க ஊர்ல அது பனமரந்தான் ஆயா" என்று சொல்வார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் நிற்பார், திரும்பமாட்டார். கூப்பிட்டவர்தான் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்று பேசவேண்டும். புதிதாக வந்த தபால்காரர் மூன்று தடவை கத்திவிட்டு, காது மந்தம் என்று எண்ணிக்கொண்டு போய்விட்டார். காதில் ஒன்றும் கோளாறு இல்லை. நான் கீழே அடுப்பில் கடுகு தாளித்தால் மேலேயிருந்து, "ஆயா, கருகுது" என்று குரல் கொடுக்கிற காது அது.

பஸ் நிறுத்தத்தில் நாஸ்தா கடை வைத்திருக்கும் மதார் சாகிப் வாய்த்துடுக்குக்காரர். ஒரு நாள் காலையில் இவர் போய் நின்றதும், "இன்னா அண்ணாத்த, ஒனக்குப் பின்னாடி வர்றவருக்கும் ஒரு டீ போடட்டா?" என்று கேட்டாராம். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பக்தவத்சலமும் சிரித்தார். சிரித்துவிட்டு, "போடு பாய். சக்கர கொஞ்சம் ஜாஸ்தியா போடு. அவன் அப்டிதான் குடிப்பான்" என்றார். சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது. மதார் சாகிப் என்னிடம் சொன்னார்: "அன்னியிலேர்ந்து எனக்கு பேஜாரா கீது பெரிம்மா. அவரு வந்தா நான் வாயே தொறக்கிறதில்ல. டம்ளரு ரெண்டு கழுவி வெச்சிடறேன்."

எனக்கு எழுத்து தெரியாது. பக்தவத்சலம் ஏறிய மலையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் உளுந்தில் தெரிந்ததுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் முறத்தில் உளுந்து வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்தவத்சலம் எதிரில் வந்து குந்தினார். கேட்காமலே முறத்தை இழுத்து, உளுந்தைக் குவித்து, விரலால் மூன்று முனை எடுத்தார். "இதான் திரிசூல். மூணு முள்ளு வரிசையா நிக்கிறது. ஈஸ்வரன் கையில கீதே, அதான்" என்றார். நடுவில் தனியாக ஒரு குவியல் வைத்தார். "இவ நந்தாதேவி. நடுவூட்டுல குந்திகினு கீறா. சுத்தி மதிலு மாதிரி மலைங்கோ. அந்த மதிலுக்குத் தென்மேக்கு மூலையில காவலுக்கு நிக்கிறவருதான் நம்ம ஆளு." எவ்வளவு உயரம் என்று கேட்டேன். ஏழாயிரத்து நூற்றிருபது மீட்டர் என்று பஸ் நம்பர் சொல்வதுபோலச் சொன்னார். "எங்கேர்ந்து அளக்குறாங்க தெரியுமா? கடல்லேர்ந்து. நம்ம சதுரங்கப்பட்டினத்துல அலை வந்து காலை நனைக்குதே, அதான் சைபரு. அந்த மலைக்கு மொதல் படி நம்ம வூட்டாண்டதான் கீது ஆயா."

முதலில் ஏறியவர் ஒரு வெள்ளைக்கார டாக்டர், சுதந்திரத்துக்கு நாற்பது வருஷம் முன்னால். அவரோடு இத்தாலி தேசத்து மலைக்காரர்களான அண்ணன் தம்பி இருவர், கூர்க்கா ஒருவர், ஆக நாலு பேர். அதற்கு முன்னால் அவ்வளவு உயரமான உச்சியில் மனுஷன் கால் வைத்ததாகக் கணக்கில்லையாம். சுதந்திரம் வந்தபின் டேராடூன் வாத்தியார் ஒருவர் ஏறி, உச்சியில் தலைகீழாக நின்று ஆசனம் போட்டாராம். "மூச்சே வராத எடத்துல தலைகீழா நின்னாரு பாரு" என்று சொல்லும்போது பக்தவத்சலத்தின் முகத்தில் வருகிற சந்தோஷம் தன் பிள்ளை பாஸான மாதிரி இருக்கும்.

பிறகு குவியலின் அடிவாரத்தில் கட்டைவிரலால் ஒரு குழி அழுத்தினார். "இது ரூப்குண்டு. சின்னக் கொளம். பனி உருகுனா தண்ணிக்கு அடியில எலும்பு. ஒண்ணு ரெண்டில்ல, நூத்துக்கணக்குல மண்ட ஓடு. எந்தக் காலத்து மனுசங்களோ. ராஜா ஒருத்தன் ஆட்டக்காரிங்களக் கூட்டிகினு போனானாம், நந்தாதேவி அம்மாவுக்குக் கோவம் வந்து கல்மழையாக் கொட்டிட்டாளாம். சில எலும்பு மேல இன்னும் சதை ஒட்டிகினு கீதாம். குளுரு எதையும் அழிக்கிறதில்ல ஆயா. வெச்சது வெச்ச மாதிரி கீது." சொல்லிவிட்டு முறத்தை என் பக்கம் தள்ளினார். அன்றைக்கு அந்த உளுந்தை நான் ஆட்டவில்லை. மருமகள் கேலி செய்தாள். செய்யட்டும். வீட்டுக்கு உப்புமாதான் கிடைத்தது.

இவர் அந்த மலைக்குப் போனது தொண்ணூற்றாறில். ஆபீஸ் சிநேகிதர்கள் ஆறு பேர் சேர்ந்து, லீவு போட்டு, சொந்தச் செலவில். ஒரு வருஷம் பயிற்சி. மணல் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு திருக்கழுக்குன்றம் மலைப்படிகளை விடிகாலையில் ஏறி இறங்குவார்கள். மாமல்லபுரத்துப் பாறைகளில் கயிறு போடப் போய், வாட்ச்மேனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள். ஆறு பேரில் பக்தவத்சலத்துக்கு ஜோடி செல்வராஜ். அவரும் அதே கயிற்று வேலைதான், எங்கள் பிளாக்தான். பருத்த ஆள், வாய் ஓயாமல் பேசுகிறவர், டீயில் சர்க்கரை அள்ளிப் போட்டுக் குடிக்கிறவர். கிளம்புகிற அன்று சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரை மணலை ஒரு பிலிம் ரோல் டப்பியில் அடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சைபரக் கொண்டுபோயி உச்சியில கொட்றேன், பாரு ஆயா" என்று என்னிடம் ஆட்டிக் காட்டினார். செல்வராஜின் மனைவி அமிர்தவல்லி பக்கத்தில் நின்று, "கொட்டிட்டு டப்பிய எடுத்துகினு வாங்க. கொத்துமல்லி வெத போட ஆவும்" என்றாள். அவர்கள் மகள் ஸ்வாதிக்கு அப்போது பதினாறு வயது.

கொட்டினார்கள். அதில் சந்தேகமில்லை. கடைசி முகாமிலிருந்து கிளம்பிய இரண்டு பேரும் உச்சிக்குப் போய் மணலைக் கொட்டிவிட்டுத்தான் இறங்கினார்கள். இறங்கும்போது காற்று பிடித்துக்கொண்டது. முன்னால் பக்தவத்சலம், பின்னால் செல்வராஜ். நடுவில் நீளக் கயிறு. கண்ணுக்கு எதிரே கை நீட்டினால் கை தெரியாத வெள்ளை. கத்தினால் தன் குரல் தனக்கே கேட்காது. ஆனால் இருவருக்கும் தொழிலில் பழகிய பாஷை இருந்தது. கயிற்றை ஒரு தடவை சுண்டினால் நில். இரண்டு தடவை சுண்டினால் போ.

இதற்குமேல் அவர் சொல்வது எப்போதும் ஒரே வார்த்தைகள்தான். பாடம் ஒப்பிப்பது போல இருக்கும். "ரெண்டு சுண்டு வந்துச்சு ஆயா. போன்னான். போனேன். கொஞ்ச தூரம் போயி நிப்பேன், மறுபடி ரெண்டு சுண்டு. மறுபடி போவேன். அவன் பூட்ஸ் பனியில நெறு நெறுன்னு மிதிக்கிற சத்தங்கூடக் கேட்டுச்சு. கூடாரத்தாண்ட வந்துட்டு, 'வந்துட்டோண்டா மச்சான்'னு கயித்த இழுத்தேன். லேசா வந்துச்சு. வந்துகினே இருந்துச்சு. முடிவுல வளையம். முடிச்சு போட்டது போட்டாப்ல கெட்டியா ஐஸ் புடிச்சிக் கீது. ஆளு இல்ல."

கயிறு அறுபடவில்லை. முடிச்சு அவிழவில்லை. செல்வராஜ் இடுப்புக் கொக்கியை அந்த வளையத்தில் மாட்டியிருந்தார். கட்டைவிரலால் அழுத்தித் திறந்தால்தான் கொக்கி கழலும். மூன்று நாள் தேடினார்கள். இடுப்பளவு புதுப்பனி விழுந்து அடித்தடம் எல்லாவற்றையும் மூடிவிட்டிருந்தது.

அப்போது எங்கள் பிளாக்கில் போன் எங்கள் வீட்டில் மட்டும்தான். முதன்முதலில் போன் கிடைத்த ஏதோ ஒரு மலையூரிலிருந்து பக்தவத்சலம் கூப்பிட்டார். அமிர்தவல்லி ஈரக்கையோடு ஓடிவந்து எடுத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். கரகரவென்ற இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் எனக்கே கேட்டது. "நான் வந்துகினு இருக்கேம்மா. அவன் பின்னாடி வரான்." அவ்வளவுதான். தேடி முடித்து, கிடைக்கவில்லை என்று தெரிந்த பிறகு சொன்னது அது. மறுநாள் மற்றவர்கள் போனில் அழுதுகொண்டே உள்ளதைச் சொன்னார்கள். அமிர்தவல்லி அவர்களை நம்பவில்லை. "கயித்துல கூட இருந்தவரு அண்ணன். அவரே சொல்றாரு, பின்னாடி வராருன்னு" என்றாள். பொட்டு வைத்துக்கொண்டாள். தாலியைக் கழற்றவில்லை. உறவுக்காரர்கள் வந்து பேசிப் பார்த்து ஓய்ந்துபோனார்கள்.

அவர் பொய் சொல்லவில்லை என்பது ஒரே கட்டடத்தில் இருக்கிற எனக்குத் தெரியும். பேசிக்கொண்டே இருப்பார், நடுவில் கை இடுப்புக்குப் போகும். முகம் எங்கோ போகும். பிறகு, "வரேன் ஆயா" என்று எழுந்து நடந்துவிடுவார். இரண்டு சுண்டு வந்திருக்கும். அவருடைய மனைவி, வேண்டா என்று பெயர், பாவம், பதினைந்து வருஷம் குடித்தனம் செய்தவள், வேறு மாதிரி அலுத்துக்கொள்வாள். அந்தக் கயிறு அவர்கள் பால்கனியில்தான் கட்டியிருக்கிறது. நுனியில் அந்த வளையம் இன்னும் அவிழ்க்கப்படவில்லை. "ஒரு பொடவ காயப்போட வுடமாட்றாரு ஆயா. பொடவ பட்டா கயித்துக்குக் கனம் ஏறிடுமாம்" என்பாள்.

கோலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விடிந்ததும் படிக்கட்டுக்கு எதிரே நான் கோலம் போடுவேன். பக்தவத்சலம் ஏழரை மணிக்கு பஸ்ஸுக்கு இறங்குவார், ஓரமாகக் கால் வைத்துக் கோலத்தை மிதிக்காமல் போவார். அவர் மதகு தாண்டிப் போன பிறகு பார்த்தால் மாவு ஒரு இடத்தில் கலைந்திருக்கும். தினமும் இல்லை, சில நாள். காற்று என்பாள் மருமகள். கடல் காற்று அறுபது வருஷமாக எனக்குப் பழக்கம். அது மாவை வாரிக்கொண்டு போகும், குதிகால் அளவுக்கு அமுக்கிவிட்டுப் போகாது.

இரண்டாயிரமாவது வருஷம் பேப்பரில் ஒரு செய்தி வந்ததாம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் அந்தப் பக்கத்து ஜனங்கள் நந்தாதேவியைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பி வைக்கிற ஊர்வலம். நாலு கொம்பு உள்ள ஆட்டுக்கடா முன்னால் நடக்குமாம். திரிசூலுக்குக் கீழே ஒரு குளத்தண்டை அதன் முதுகில் சீர்ச்சாமானைக் கட்டி விட்டுவிடுவார்களாம். அது தன்பாட்டில் மலையைப் பார்க்கப் போய்விடும். பக்தவத்சலம் இதை அமிர்தவல்லிக்கு வாசித்துக் காட்டினார். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "அது திரும்பி வராதா அண்ணே?" அவர் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

நம் வழக்கத்தில், கொள்ளி வைத்தவன்தான் சுடுகாட்டிலிருந்து திரும்பிப் பார்க்காமல் வருவான். வைத்தாயிற்று, இனி அவன் வழி அவனுக்கு, உன் வழி உனக்கு என்று அர்த்தம். இந்த மனுஷன் கொள்ளி வைக்காமலே அப்படி நடந்து வந்துவிட்டார். நான் அவரிடமே இதைச் சொன்னேன், ஒரு தரமல்ல, நாலு தரம். "ஒரே ஒரு வாட்டி திரும்பிப் பாரேம்பா" என்றேன். "பாத்தா இல்லாமப் பூடுவானே ஆயா" என்றார். ஆனாலும் சொல்வதை நான் விடவில்லை.

ஏழு வருஷம் ஆயிற்று. ஸ்வாதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பரணிதரன், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, நல்ல பையன். ஆவணியில் முகூர்த்தம். பத்திரிகை அடிக்கக் கொடுத்தபோது செங்கல்பட்டு அச்சகத்தில் கேட்ட கேள்விக்கு இவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. பெண்ணின் அப்பா பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போடுவதா, வேண்டாமா? சம்பந்தி வீட்டிலும் மரியாதையாகத்தான் கேட்டார்கள், கேட்டது இதைத்தான். போட்டால், அமிர்தவல்லி தாலியைக் கழற்றிவிட்டு, மகள் கல்யாணத்தில் தூணோரம் நிற்கவேண்டும். போடாவிட்டால், புருஷன் எங்கே என்று பந்தலில் ஆயிரம் பேருக்குப் பதில் சொல்லவேண்டும். அச்சகத்தார் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மாதிரி அடித்துக் கொடுத்திருந்தார்கள். ஸ்வாதி எனக்குக் காட்டினாள். படிக்கத் தெரியாவிட்டால் என்ன, வெற்றிடம் எனக்கும் தெரிந்தது. இரண்டு விரல் அகலம்.

அமிர்தவல்லி அந்தக் காகிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். 'பின்னாடி வரான்' என்ற சொல்லைப் போனில் கேட்ட வீடு இதுதானே. காலை பதினோரு மணி, வெயில் படிக்கட்டு வரை வந்திருந்தது. ஸ்வாதி மேலே போய் பக்தவத்சலத்தை அழைத்து வந்தாள். அவள் முன்னால் வந்தாள். அவர் உள்ளே ஓரடி வைத்தார், ஒதுங்கினார், பின்னால் கை நீட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"குந்துங்கண்ணே" என்றாள் அமிர்தவல்லி.

"இருக்கட்டும்மா."

"எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஏழு வருசம் ஆச்சுன்னா சர்க்காரு காயிதத்துல செத்தவருதானாம். ஜோசியரு வேற சொல்றாரு. அவங்க ஒருத்தரும் அந்தக் கயித்துல இல்ல. நீங்க இருந்தீங்க. நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன். இன்னும் வந்துகினு இருக்காரா?"

அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். "ரெண்டு சுண்டு வந்துச்சும்மா. போன்னான். போனேன்…"

"அது தெரியும்ணே. அதுக்கு முன்னாடி?"

ஏழு வருஷத்தில் அப்படி ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் பாடம் அங்கிருந்துதான் தொடங்கும், நாங்களும் அங்கிருந்தே கேட்டுப் பழகிவிட்டோம். மேலே பால்கனியில் கயிறு கம்பியில் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. காற்று இல்லை அன்றைக்கு.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு வந்துச்சு" என்றார்.

கதவை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"ஒரே சுண்டு. நில்லுன்னு. காத்துன்னு நெனச்சேன். இல்லம்மா, பொய்யி. காத்தா இருக்கட்டும்னு நெனச்சேன். காலு மரத்துப் போச்சு. நின்னா நானும் அங்கியே குந்திடுவேன்னு பயம். நிக்கல. நாலு அடி வெச்சேன். அப்புறந்தான் ரெண்டு வந்துச்சு."

"அந்த ரெண்ட யாரு சுண்டுனது மாமா?" என்று கேட்டாள் ஸ்வாதி.

"தெரியல கண்ணு. இன்னிய வரைக்கும் வந்துகினுதான் கீது."

அமிர்தவல்லி அழுவாள் என்று நான் எழுந்து கிட்டே போனேன். அவள் அழவில்லை. காகிதத்தை மடியில் வைத்து, அந்த வெற்றிடத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு ரொம்ப மெதுவாக, கோபமில்லாமல், சொந்த அண்ணனிடம் சொல்வதைப்போலச் சொன்னாள்:

"அவரு நிக்கச் சொன்னாரு. நீங்க இன்னும் நிக்கலண்ணே. கதவு தொறந்துதான் கீது. திரும்பிப் பாத்து சொல்லுங்க."

அவர் கழுத்து முதலில் அசையவில்லை. துருப்பிடித்த திருகைத் திருப்புவதுபோலத் தோள் கொஞ்சம், இடுப்பு கொஞ்சம் என்று முழு ஆளும் வாசல் பக்கம் திரும்பினார். நான் அமிர்தவல்லிக்குப் பக்கத்தில் கதவோரம் நின்றதால் எனக்கு அவர் முகம் தெரிந்தது. கண் வாசற்படியைப் பார்க்கவில்லை. படிக்கட்டைத் தாண்டி, கோலத்தைத் தாண்டி, மதகுக்குப் பக்கத்தில் ஒரு கயிறு தூரத்தில் போய் நின்றது. அங்கே என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. அந்தக் கை இடுப்புக்குப் போனது, கயிறு இல்லாத இடத்தில் கயிற்றைப் பிடித்தது, ஒரே ஒரு தடவை சுண்டியது.